கணினிப் பிள்ளையின் இடக்கை

பத்து வருடங்கள் நான் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண அல்பம் செய்தேன். படம் எடுப்பவர் வேறு. எடுத்த படங்களைக் கணினியில் வைத்துத் திருத்துவது என் வேலை. மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்குவேன். கழுத்தில் மினுங்கும் வியர்வையைத் துடைப்பேன். தாலி கட்டும் நேரம் பின்னால் நின்று கொட்டாவி விட்ட மாமாவை இல்லாமல் செய்வேன். திருகோணமலையில் கல்யாணம் கட்டிய எத்தனையோ பெண்களின் உண்மையான நிறம் அவர்களுடைய தாய்மாருக்கும் எனக்கும்தான் தெரியும்.

நாற்பது வயதில் என் இடப்பக்க மார்பில் புற்றுநோய் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் அந்த மார்பை எடுத்தார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி திரும்ப முளைத்தபோது சுருளாக முளைத்தது. இடக்கை மட்டும் தோளுக்கு மேல் போக மறுத்தது. சுவரில் விரல்களை எறும்பு ஏறுவதுபோல் ஏற்றிப் பழகச் சொன்னார்கள். இரண்டு மாதம் செய்துவிட்டு விட்டுவிட்டேன். கை உயர்ந்து இனி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு. ஸ்டூடியோவுக்கும் போகவில்லை. யாரைக் கண்டாலும் அவர்களின் கண் முதலில் என் மார்புக்குப் போகும், பிறகு அவசரப்பட்டு முகத்துக்கு வரும். அந்த அவசரம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

என் கணவர் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைத் துறைக்கு இழுத்துவரும் டக் படகில் வேலை செய்கிறார். அதிகம் கதைக்காதவர். நான் குளியலறைக்குள் போய்க் கொளுக்கியைப் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றத் தொடங்கியதைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு அப்போது நன்றியாக இருந்தது. கொஞ்ச நாள் போனபின் அதுவே வருத்தமாகவும் இருந்தது.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்துபோனவர் ஒரு தையல்காரி. கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து வந்து, டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் பெண்களுக்கான உடுப்புத் தைப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது கூட. முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல் நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த கிழமை அவர் எனக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த ஆறு சட்டைகள் தைத்துக்கொண்டு வந்தார். கையை உயர்த்தாமல் போடக்கூடிய மாதிரி. நான் சொல்லவில்லை, அவராக யோசித்திருக்கிறார்.

ஒருநாள் ராத்தா வாடிய முகத்தோடு வந்து குசினியில், அடுப்பருகே, என் முன்னால் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் தைக்கிற சட்டையள போன்ல போடணும். ஹேங்கர்ல தொங்கவிட்டுப் படம் போட்டா ஒருத்தரும் பாக்கிறாங்க இல்ல. போட்டுக் காட்ட ஒரு பிள்ள வேணும்."

"ஆரும் இல்லையா?"

"கேட்ட பிள்ளையள்ட உம்மாமார் விடமாட்டாங்களாம். பக்கத்துக் கடைப் பிள்ள ஒண்டு ஒருக்காப் போட்டுது. பெடியனுகள் எழுதின கொமென்டுகளப் பாத்து அழுதுட்டு, படத்த எடுக்கச் சொல்லிட்டுது. நான் போட்டு நிக்கவும் ஏலாது. என்ட முகத்த அங்க போட எனக்கு விருப்பமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும்தான் விருப்பமில்லை. படத்தில் நிற்க விரும்பாத இரண்டு பெண்கள் ஒரு குசினியில் இருந்தோம்.

அப்போதுதான் சொன்னேன், கணினியில் ஒரு பெண்ணைச் செய்யலாம் என்று. வெளிநாடுகளில் அப்படிப்பட்ட பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள், உடுப்புக்கு விளம்பரம் செய்கிறார்கள், இலட்சக்கணக்கானோர் அவர்களைப் பின்தொடர்கிறார்கள். அப்படி யாரும் எங்கும் பிறக்கவில்லை. ராத்தா நம்பவில்லை. நான் போனில் எடுத்துக் காட்டியதும் ஒருத்தியின் கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, பருவும் வச்சிருக்கானுகள்!"

இரண்டு வாரம் இருந்து அவளைச் செய்தேன். நான் பாவித்த கணினி நிரல், என்ன எழுதிக் கொடுத்தாலும் வெள்ளைத் தோலும் ஒடிந்த இடையுமாக ஒருத்தியைத்தான் தந்தது. கறுப்பு என்று எழுதினால் வெயிலில் கொஞ்சம் நின்ற வெள்ளைக்காரி வந்தாள். பத்து வருடம் முகம் வெளுப்பாக்கியவள் நான், இப்போது ஒரு முகத்தை எங்கள் நிறத்துக்குக் கொண்டுவர ஒரு கிழமை போராடினேன். கடைசியில் வந்தவளைக் கண்டதும் ராத்தா, "இப்ப சரி. இவ மூதூர் பஸ்ஸில இருந்து இறங்கினா நான் திரும்பிப் பாக்கமாட்டன்" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பெயர் வைக்கவில்லை. எங்களுக்குள் பிள்ளை என்றே சொல்லிக்கொண்டோம்.

பிள்ளைக்கு நடை வேண்டும். யாராவது நடக்கிற வீடியோவைக் கொடுத்தால் அந்த நடையையும் கையசைவையும் எடுத்து நிரல் அவளுக்குப் பூட்டிவிடும். முகமும் உடம்பும் அவளுடையதாகவே இருக்கும். ஆகவே நானே நடந்தேன். கணவர் வேலைக்குப் போனபின் போனைக் கதிரை முதுகில் ரப்பர்பாண்டால் கட்டிவிட்டு, வீட்டு ஹோலின் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்கு நடப்பேன். திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கித் தலைமுடியை ஒதுக்குவேன். சட்டையின் கை எப்படி விழுகிறது என்று காட்டுவதற்காக ராத்தா கேட்ட அசைவு அது. என் இடக்கை முகவாய் வரை வந்து நின்றுவிடும். பிள்ளையின் கையும் அங்கேயே நின்றது.

"கைய மட்டும் கொஞ்சம் ஏத்தி விட ஏலாதா?" என்று ராத்தா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

முயன்று பார்த்தேன். உயர்த்திவிட்ட கை அவளில் ஒட்டவேயில்லை; வேறு யாரோ பின்னாலிருந்து நீட்டுவதுபோல் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

கிழமைக்கு இரண்டு வீடியோ. ராத்தாவின் சட்டைகளை நிலத்தில் விரித்து நான் படமெடுத்துக் கொடுக்க, பிள்ளை அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இணையத்தில் கடைக்கென்று திறந்த பக்கத்தின் அடியில், கடைப் போன் இலக்கத்துக்கும் கீழே, சின்ன எழுத்தில் 'கணினியில் உருவாக்கப்பட்ட பெண்' என்று போட்டிருந்தேன். யாரும் அதுவரை இறங்கி வாசிக்கவில்லை. மூதூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சட்டைக்கு ஓடர் வந்தது. தங்கச்சி எந்த ஊர், தங்கச்சி கல்யாணம் கட்டிட்டாவா என்று கேட்டு எழுதினார்கள். நான் அதற்கெல்லாம் சட்டையின் அளவையும் துணியின் வகையையும் மட்டும் பதிலாக எழுதினேன்.

"பொய் சொல்லுறமா தங்கச்சி?" என்று ராத்தா ஒருநாள் கேட்டார். பிறகு அவரே, "சட்ட பொய்யில்ல தானே" என்றார். இரண்டு பேரும் அதோடு அந்தக் கதையை விட்டோம்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது எங்கள் இணையப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

'பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் இடக்கையை முழுக்கத் தூக்கிறதில்லை. எனக்கும் அப்பிடித்தான். எனக்கு மார்பு எடுத்தவை. உங்களுக்கும் அப்பிடியோ?'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சத் தேங்காயைத் துருவினேன். மூன்று நாள் கழித்து இன்னொன்று வந்தது.

'சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ. முதல் வீடியோவில உங்கட கை நாடி வரைக்கும்தான் வந்தது. இப்ப காது வரைக்கும் வருது. அதைப் பாத்துத்தான் நானும் திரும்பச் சுவரில விரல் ஏத்தத் தொடங்கினனான். விட்டுடாதேங்கோ.'

உடனே பழைய வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு சட்டைக்கும் ஆறு ஏழு முறை முடி ஒதுக்கி ஒதுக்கி, எனக்கே தெரியாமல் என் கை உயர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அதை நான் காணவில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து விரலளவு விரலளவாக அளந்திருக்கிறார்.

அன்று பின்னேரம் கணவர் வந்ததும் போனை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். பிறகு பக்கத்தில் வந்து இருந்தார்.

"எனக்கு முதல் வீடியோவிலேயே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அது உம்மட நடை எண்டு. திரும்பேக்க வலக்காலை ஒருக்கா நிலத்தில தேய்ச்சுத்தானே நீர் திரும்புவீர்."

அவர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார் என்றே நான் நினைத்திருக்கவில்லை. "நீங்கள் பாத்தனீங்களா?"

"கப்பல் வரும்வரைக்கும் காத்து நிக்கிற நேரம் பாப்பன். எல்லாம் பாத்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் நிப்பாட்டிப் போடுவீர்." போனைத் திருப்பி என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "வீட்டில நீர் எனக்கு முன்னால கை தூக்கிறேல்லை. அதில தூக்கினீர்."

நான் அழுதேன். அவர் என் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நோகும் என்று பயந்தவர்போல், ஒரு குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தார்.

அடுத்த நாள், செய்தி அனுப்பிய அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நேரில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, வசதியான நாளில் கடைக்கு வரமுடியுமா என்று. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். குச்சவெளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கருவாடு போடுகிற குடும்பம். இடப்பக்கச் சேலையை இழுத்து மூடி, முந்தானையைக் கையால் பிடித்தபடி கடைக்குள் ஏறினார். பையில் ஒரு போத்தல் எண்ணெய் இருந்தது, வேலியில் பறித்த முருங்கைக்காய் ஒரு கட்டும் இருந்தது. சுற்றிப் பார்த்தார். ராத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை எங்க?"

"அக்கா, பிள்ளை எண்டு ஒராள் இல்லை. அது கணினியில செய்தது. நான் செய்தனான்" என்றேன்.

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. போனைத் திறந்து அவள் எப்படி வருகிறாள் என்று காட்டினேன். முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"நான் இவவுக்குக் கோயில்ல அர்ச்சனை செய்தனான்" என்றார். "ஐயர் பேர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். எனக்கு ஒண்டும் தெரியாது. சாமி பேருக்கே செய்யுங்கோ, ஆருக்கெண்டு சாமிக்குத் தெரியும் எண்டனான்."

ராத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அந்தக் கை? அதுவும் செய்ததோ?"

"இல்லை அக்கா. அது என்ர கை."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ராத்தா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து, எண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்தார். முருங்கைக்காயையும் வைத்தார். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. படி இறங்கி வீதிக்குப் போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். அவர் வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். எதிர்ப்பக்கம், டவுனுக்குள் திரிகிற மான்கள் நாலைந்து யாரோ கொட்டிவிட்டுப் போன மரக்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். கையைத் தூக்கினேன். வீதியில், ஆட்கள் போய்வருகிற இடத்தில், இடக்கையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கினேன். காதைத் தாண்டி ஒரு விரல் அளவு போய் நின்றது. சட்டை ஒரு பக்கம் தட்டையாக இழுபட்டது எனக்குத் தெரிந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். முதலில் கையை. பிறகு என் மார்பை. அவருடைய கண் அவசரப்படவில்லை. அங்கேயே ஆறுதலாக நின்றது. பிறகு முந்தானையை விட்டுவிட்டுத் தன் இடக்கையைத் தூக்கினார். என்னுடையதைவிடக் கொஞ்சம் உயரப் போனது.

அந்த நேரம் ஒரு பஸ் சத்தத்தோடு வந்து எங்கள் முன்னால் நின்றது.

"குச்சவெளி, புல்மோட்டை! கை காட்டிப்போட்டு என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று கொண்டக்டர் கத்தினார்.

நாங்கள் இருவரும் கையைத் தூக்கியபடியே சிரித்தோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொண்டக்டர் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். பஸ் போய்விட்டது.

"நல்ல வேளை, அர்ச்சனைப் பலன் வீணாப் போகேல்லை" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "சாமி உங்களுக்குத்தான் எழுதியிருப்பார். வாங்கோ, அந்தத் தேத்தண்ணி ஆறியிருக்கும்."

கடைக்குத் திரும்பினோம். ராத்தா அளவு நாடாவை எடுத்தார். திரைக்குப் பின்னால் அவரை நிறுத்தி அளந்தார். இடது பக்கத்தை அளக்கும்போது, "நோகுதா?" என்று மட்டும் கேட்டது எனக்குக் கேட்டது. "இல்லை. ஆரும் தொட்டுக் கனகாலம்" என்றார் அவர். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற நான், எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்ததால், முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், எடுத்த மார்பின் இடத்தில் உள்ளே பை வைத்த சட்டை. பைக்குள் எதை வைப்பது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் பிடித்தது. வெறும் பஞ்சு பாரமில்லாமல் மேலே மேலே ஏறியது. பயறு போட்டுப் பார்த்தோம். பாரம் சரியாக இருந்தது, ஆனால் மூன்றாம் கிழமை குச்சவெளி அக்கா போன் எடுத்து, "தங்கச்சி, எனக்குள்ள வண்டு ஊருது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. முடிவில் கடுகைச் சின்னப் பையில் கட்டி, சுற்றிவரப் பஞ்சு வைத்தோம். கழுவும்போது பையை வெளியே எடுத்துவிடலாம். முதல் சட்டை அக்காவுக்கு, இரண்டாவது எனக்கு.

என்னுடையதற்கு ராத்தா வேண்டுமென்றே பின்னால் கொக்கி வைத்திருந்தார். என்னால் எட்டவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து கணவரைக் கூப்பிட்டேன். கப்பல் கயிறு பிடித்துத் தடித்துப்போன விரல்கள், கொக்கி அகப்படவேயில்லை. "இது கப்பலைக் கட்டிறதைவிடக் கஷ்டமாக் கிடக்கு" என்றார். மூன்று கொக்கிக்கு நிறைய நேரம் எடுத்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருந்தது. குச்சவெளி அக்காதான் சொன்னார்: "அவவுக்கும் ஒரு பக்கத்தை எடுத்துவிடுங்கோவன். அப்ப பொய்யில்லைத்தானே."

செய்யப் பார்த்தேன். நிரல் விடவில்லை. இடது பக்கத்தைத் தட்டையாக்கு என்று எத்தனை விதமாக எழுதினாலும் திரும்பத் திரும்ப நிரப்பிக் கொண்டுவந்து தந்தது. அதற்குக் காட்டிய இலட்சக்கணக்கான படங்களில் எங்களைப் போன்ற உடம்பு இருந்திருக்காது. நடக்கிற வீடியோவில் முடியவே இல்லை. ஒரே ஒரு படத்தை எடுத்து, ஸ்டூடியோவில் அல்பம் திருத்துகிற பழைய முறையில், நானே கையால் திருத்தினேன். பத்து வருடம் குறைகளை நிரப்பிய கை. எடுப்பதற்குக் கூடுதலான நேரம் பிடித்தது. பிள்ளை ராத்தாவின் நீலச் சட்டையில், இடப்பக்கம் தட்டையாக, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'இவளைக் கணினியில் செய்தோம். இவளுடைய நடை ஒரு மனுசியின் நடை. அந்த மனுசிக்கு இடப்பக்கம் மார்பு எடுத்திருக்கிறது. அதனால்தான் கை உயர்வதில்லை. முதலிலேயே தெளிவாகச் சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும்.' ராத்தா வாசித்துவிட்டு, "போடு" என்றார். போட்டேன்.

ஏமாற்றிவிட்டீர்கள் என்று சிலர் எழுதினார்கள், பக்கத்தை விட்டும் போனார்கள். அது நியாயம்தான். அசிங்கமாக எழுதிய இரண்டு பேரை நான் உடனே நீக்கிவிட்டேன். ஓடர் ஒரு மாதம் மட்டும் குறைந்தது. அதற்குப் பிறகு இன்பொக்ஸில் வேறு மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கின. கட்டைபறிச்சானிலிருந்து ஒரு கணவர், மார்பு எடுத்த தன் மனைவிக்குத் தெரியாமல் அளவு அனுப்பியிருந்தார்; சேலைச் சட்டையை ஒரு தாளில் வைத்துச் சுற்றிவரப் பேனையால் கீறிப் படமெடுத்து அனுப்பினார். அந்தச் சட்டையை ராத்தா தைத்து முடித்தபின்னும் இரண்டு தரம் பிரித்து மீண்டும் தைத்தார்.

போன மாதம் எனக்கு மூன்று கிழமை காய்ச்சல். பிள்ளைக்கு நடக்க ஆளில்லை. குச்சவெளி அக்கா தானே வந்து, கடைக்குள் மேசைகளை ஒதுக்கிவிட்டு நடந்தார். காலை அகட்டி, மணலில் கால் புதைந்து புதைந்து நடக்கிற நடை. பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பளபளவென்று ஒரு பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் கூடை வைத்திருப்பவள்போல் நடந்து வந்தாள்.

அன்று மாலையே ஒருவர் எழுதியிருந்தார்: 'தங்கச்சி ஏன் இப்ப வேற மாதிரி நடக்கிறா?'

படுக்கையில் இருந்தபடி அதை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மறுபக்கம் கருவாடு புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சிக்குச் சுகமில்லை, அக்காக்காரி வந்திருக்கிறா எண்டு எழுதுங்கோ" என்றார்.

அப்படியே எழுதினேன்.